தீப்பெட்டி ஊரில் குடியிருந்தவர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் சென்னையிலிருந்து போன் செய்தான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். 1998 பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறான். வருமானத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறதாம்.

"சார், வேலையெல்லாம் கம்ப்யூட்டர்லதான். எங்க இருந்தாலும் ஒண்ணுதான். கோவில்பட்டியில ஒரு வீடு பாருங்க" என்றான்.

உடனே அவன் மனைவி போனை வாங்கினாள். சென்னையில் பிறந்து வளர்ந்த பெண். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்த ஊர்ல தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் தவிர என்ன இருக்கு? இவர் படம் போடறவர். பேசறதுக்காவது நாலு ஆள் கிடைப்பாங்களா?"

நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன் அம்மா என்றேன்.

இதே கேள்வியை நானும் கேட்டவன்தான். 1974இல் வரலாற்று ஆசிரியராக வேலைக்கு வந்தபோது கோவில்பட்டி எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் தாமிரபரணித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன். இங்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும். எங்கு பார்த்தாலும் கரிசல் மண், பஞ்சாலைச் சங்கு, தீப்பெட்டி ஆபீஸ். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் மேஜை நாற்காலி போட்ட இடம் என்று நினைத்துவிட வேண்டாம்.) பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று, வாடகை. இரண்டு அறையும் ஒரு முற்றமும் உள்ள வீடு மாதம் 40 ரூபாய்க்குக் கிடைத்தது.

அந்த வீட்டில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு காலண்டர் படத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மீனாட்சி கல்யாணம். அதை ஆணியோடு அப்படியே வைத்துக்கொண்டேன். ஓரத்தில் சி. கொண்டையராஜு, டி.எஸ். சுப்பையா என்று இரண்டு பெயர்கள் இருந்தன. தினமும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் தலை சீவினேன். வகுப்பில் ரவிவர்மாவைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். ஆனால் படத்தில் கையெழுத்துப் போட்டிருந்த கொண்டையராஜு அதே ஊரில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. 1976இல் அவர் காலமான பிறகு, டீக்கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு வருஷம்! வரலாறு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இதைவிட என்ன வெட்கம் வேண்டும்?

அதன் பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். கொண்டையராஜு 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்திருக்கிறார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதினார். அரண்மனை, காடு, தர்பார் என்று துணியில் எழுதித் தொங்கவிடுவார்களே, அந்த வேலை. 1940களின் தொடக்கத்தில் அவர் இருந்த கம்பெனி கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கலைந்துபோயிற்று. மற்றவர்கள் ரயிலேறிப் போனார்கள். இவர் இங்கேயே தங்கிவிட்டார்.

அப்படி வந்தவர் ஏன் தங்கினார்? சும்மா 'மண்ணின் மகிமை' என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. பிழைப்பு இருந்தது, அதனால் தங்கினார். 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்த கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மழை குறைந்த பூமி. குச்சி சீக்கிரம் காயும். விவசாயம் பொய்த்த வீடுகளில் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. கலர் அச்சு மிஷினை வாங்கிப் போட்டவர் லேபிளோடு நிறுத்துவாரா? காலண்டர் அடித்தார். காலண்டருக்கு முருகன் வேண்டும், லட்சுமி வேண்டும். அதை வரைய ஆள் வேண்டும். சாத்தூரைத் தாண்டினால் சிவகாசி. படத்தை வரைந்து சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் அன்றைக்கே திரும்பிவிடலாம்.

கொண்டையராஜு தனியாகவும் இருக்கவில்லை. சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் என்று உள்ளூர்ப் பக்கத்துப் பையன்கள் அவரிடம் சேர்ந்து படித்தார்கள். குருவும் சீடரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்ட படங்கள் உண்டு. என் வீட்டுப் படத்தில் இரண்டு பெயர் இருந்ததன் காரணம் அதுதான். தமிழ்நாட்டில் எத்தனை பூஜை அறைகளில், எத்தனை கடைகளில் இவர்கள் வரைந்த முகத்தைத்தான் சாமி முகம் என்று கும்பிட்டோம்! நம் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கனடாவிலிருந்து ஸ்டீபன் இங்லிஸ் என்ற மானுடவியல் ஆய்வாளர் வந்து இவரைப் பற்றி விரிவாக எழுதினார்.

இனி எழுத்தாளர்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் என்ற சின்ன கிராமத்தில் இரண்டு பேர் பிறந்து சிநேகிதர்களாக வளர்ந்தார்கள், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி எழுத்தை நம்பிப் பிழைக்கச் சென்னைக்குப் போனார், மலேயாவுக்கும் போனார். 1970இல், 47 வயதுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். சாகித்திய அகாதமி விருது அவர் இறந்த பிறகுதான் வந்தது. கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்தபடி எழுதினார், கரிசல் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். புதுச்சேரிக்குப் போனதெல்லாம் அறுபதைத் தாண்டிய பிறகு.

அடுத்த தலைமுறையைப் பாருங்கள். பூமணி கூட்டுறவுத் துறை. சோ. தர்மன் பஞ்சாலைத் தொழிலாளி. தமிழ்ச்செல்வன் தபால் இலாகா. உதயசங்கர் ரயில்வே. கவிஞர் தேவதச்சனுக்குச் சொந்த நகைக்கடை. அழகிரிசாமி மாதிரி ஊரை விட்டே போக வேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இல்லை. ஆலை, ரயில், தபால் ஆபீஸ் எல்லாம் ஒரு தொழில் நகரத்தோடு வருகிறவை. எட்டு மணி நேரம் வேலை, அளவான சம்பளம், சின்ன வாடகை, சாயங்காலம் மிச்சம். அந்தச் சாயங்காலங்களில்தான் தமிழ் இலக்கியத்தில் ஒரு பகுதி நடந்தது. தேவதச்சன் கடைக்கு நகை வாங்கப் போனவர்களோடு கவிதை பேசப் போனவர்களும் உண்டு. இந்தச் சின்ன ஊரைச் சேர்ந்த பூமணிக்கும் தர்மனுக்கும் ஐந்து வருஷ இடைவெளியில் சாகித்திய அகாதமி விருது, 2014, 2019.

இதோடு நிறுத்தினால் ஊர்ப் பெருமையாக முடிந்துவிடும். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், அம்மா.

அந்த 40 ரூபாய் வாடகை எங்கிருந்து வந்தது? கூலி குறைவான ஊரில் எல்லாமே மலிவு. அந்தக் கூலி எவ்வளவு குறைவு என்பதை என் வகுப்பறையில் பார்த்தேன். இருட்டு விலகும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். பாதிப் பேர் பள்ளிக்கூடமே வரவில்லை. வந்தவர்களும் காலையில் கட்டை அடுக்கிவிட்டு வந்து, அசோகர் கலிங்கத்தை வெல்வதற்குள் தூங்கிவிடுவார்கள்.

அவர்களில் ஒருவன் 1981இல் எட்டாம் வகுப்பில் இருந்தான். தப்பாக அச்சாகி ஒதுக்கிய லேபிள் தாள்களைக் கொண்டுவந்து அதன் பின்பக்கத்தில் படம் வரைவான். மாடு, பனைமரம், தூங்கும் தங்கச்சி. ஒருநாள் பாடம் நடக்கும்போது என்னையே வரைந்துவிட்டான், மூக்குப்பொடியோடு. வகுப்பே சிரித்தது. தாள்களை எல்லாம் பிடுங்கிக் கிழித்தேன். கொண்டையராஜுவைப் பற்றித் தெரிந்துகொண்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது எனக்கு! அவருடைய மாணவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கலாம். அந்தக் கோடை லீவுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் முழுநேரமாகப் போகிறான் என்று அவன் தங்கச்சி சொன்னாள். நான் தேடிப் போகவில்லை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மிஷினும் வந்தது. விடியற்காலை பஸ்களில் பிள்ளைகள் குறைந்து, எங்கள் பெஞ்சுகள் நிறைந்தன. நீ படித்தது அந்தச் சமயத்தில்தான் தம்பி. உன் படங்களை நான் கிழிக்கவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். காரணம் இப்போதுதான் சொல்கிறேன்.

அந்தப் பையனுக்கு இப்போது 55 வயதைத் தாண்டியிருக்கும். இதைப் படிக்கும் 1981 எட்டாம் வகுப்புக்காரர்கள் யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். பெயரை இங்கே போட மனசில்லை. மூக்குப்பொடிப் படம் என்றால் உங்களுக்கே தெரியும்.

வீட்டு விஷயம்: ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மாடி வீடு பார்த்து வைத்திருக்கிறேன். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், படம் வரைய வெளிச்சம் நன்றாக வரும். நாலுவழிச் சாலை வந்தபின் வாடகை முன்போல இல்லை, இருந்தாலும் நீங்கள் அங்கே கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பேச ஆள் உண்டா என்று கேட்டாய் அம்மா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்து பார். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பதை மட்டும் நேரில் சொல்கிறேன்.