கட்ச் கடலோரத்தின் பதினாறு தூண் பள்ளிவாசல்



சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலை எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாகவே மலையடிவாரத்தை அடைகிறது. விடுமுறை நாட்களில் ஃபஜ்ர் தொழுகையை முடித்து நாங்கள் பள்ளியை விட்டு வெளியே வரும்போதே வாகனங்கள் மலையேறத் தொடங்கிவிடும். ஊர் சுற்றிப் பார்ப்பதை வீண் செலவு என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள் நம் மஹல்லாவில் உண்டு. நான் அவ்வாறு சொல்வதில்லை. பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதையும், முன்சென்ற சமுதாயங்களின் முடிவு எவ்வாறாயிற்று என்பதையும் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. பார்ப்பது என்பது கண்ணோடு நின்றுவிடும் காரியமன்று. தபூக் பயணத்தின்போது, மலைகளைக் குடைந்து வாழ்ந்த ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடக்க நேர்ந்த நபி (ஸல்) அவர்கள், தலையை மூடிக்கொண்டு, வாகனத்தை விரைவுபடுத்திச் சென்றார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அறிந்தவரின் நடை வேறாக இருக்கும்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த சில குடும்பங்கள் குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதிக்குச் சென்று வந்தன. வெள்ளை வெளேரென்ற உப்புப் பாலைவனம், ஒட்டகம், கறுப்பு மலை, கடற்கரை என்று கைப்பேசியில் எடுத்த படங்களைப் பள்ளிவாசல் திண்ணையில் காட்டினார்கள். “பத்ரேஸ்வர் போனீர்களா?” என்று கேட்டேன். ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. முந்த்ராத் துறைமுகத்துக்கு அருகே அவர்கள் சென்ற வாகனம் ஏறத்தாழ அதன் வாசலைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நின்ற மக்தப் மாணவர் ஒருவர் அப்போது ஒரு கேள்வி கேட்டார். “ஹஜ்ரத், நம் மார்க்கம் இந்த நாட்டுக்குப் படையோடு வந்ததென்று எங்கள் வகுப்பில் ஒரு பையன் சொல்கிறான். அது உண்மையா?” திண்ணையில் வைத்து அவருக்கு முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலை எழுதவே இந்தக் கட்டுரை.

கட்ச் இந்தியாவின் மிகப்பெரிய மாவட்டம்; பரப்பளவு 45,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தெற்கே கட்ச் வளைகுடா, மேற்கே அரபிக்கடல், வடக்கே ‘ரண்’ எனப்படும் உவர்ச் சதுப்பு. மழைக்காலத்தில் அந்தச் சதுப்பில் தண்ணீர் பரவி நிற்கும். மழை ஓய்ந்தபின் அது வற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் படலமாக உறையும். அதைக் காணத்தான் குளிர்காலத்தில் தோர்டோ கிராமத்தை நோக்கி மக்கள் திரள்கின்றனர். அருகிலுள்ள காலா டுங்கர் என்னும் கறுப்பு மலையே அம்மாவட்டத்தின் மிக உயர்ந்த இடம். உயரம் சுமார் 460 மீட்டர்தான். 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டை அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் நமக்கு அது குன்றாகத் தோன்றும். ஆனால் தட்டையான உப்பு வெளியின் நடுவே அது மலையாகவே நிற்கிறது. ரண்ணுக்குள் தீவுபோல் அமைந்த காதிர் பகுதியில் தோலாவிரா இருக்கிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சிந்துவெளி நகரம் அது. மழைநீரை ஒரு துளியும் வீணாக்காமல் தேக்குவதற்கு அம்மக்கள் கல்லில் வெட்டிய குளங்கள் இன்றும் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவற்றையெல்லாம் நம் குடும்பங்கள் பார்த்துவிட்டன. பார்க்காமல் விட்டதைப் பற்றியே நான் பேச வேண்டும்.

முந்த்ராவுக்குக் கிழக்கே, வளைகுடாக் கரையில் இன்று சிற்றூராக இருக்கும் பத்ரேஸ்வர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெருந்துறைமுகம். அங்கே சிறிய சதுர அறையாகக் கல்லால் கட்டப்பட்ட ஓர் அடக்கத்தலம் இருக்கிறது. ஊரார் அதை லால் ஷாபாஸ் தர்கா என்பர். அதன் சுவரில் கூஃபி எழுத்தில் இப்ராஹீம் என்பவரின் பெயரும், ஹிஜ்ரி 554 துல்ஹஜ் மாதம் என்ற காலமும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆங்கிலக் கணக்கில் 1159 டிசம்பர் அல்லது 1160 ஜனவரி. இன்றைய இந்திய எல்லைக்குள் காலம் பொறிக்கப்பட்டு, கட்டிய வடிவிலேயே நிற்கும் முஸ்லிம் கட்டடங்களில் இதைவிட மூத்தது அறியப்படவில்லை. இவ்வூர்க் கட்டடங்களை அளந்து ஆராய்ந்த மெஹர்தாத் ஷொகூஹி 1988-இல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பிலேயே இவற்றை இந்தியாவின் மிகப் பழைய இஸ்லாமியச் சின்னங்கள் என்று குறித்தார். (கொடுங்கல்லூர் சேரமான் பள்ளி இதைவிடப் பழையதல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பள்ளியின் மரபுச் செய்தி பழையது. இப்போது அங்கு நிற்கும் கட்டடம் பிற்காலத்தது.)

இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். முஹம்மது கோரி தராயின் போரில் வென்றது 1192-இல். தில்லி குதுப் மினார் வளாகத்துப் பள்ளிவாசல் எழுந்தது அதற்குப் பின்னர்தான். அதாவது, தில்லியில் சுல்தான் என்று ஒருவர் அமர்வதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, கட்ச் கடற்கரையில் முஸ்லிம்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்து, தொழுது, மரணித்து, கப்ருகளில் பெயர் பொறிக்கப்பட்டு அடங்கியிருக்கிறார்கள். அப்போது அந்நாட்டை ஆண்டவர் சோலங்கி மரபின் குமாரபாலர்; சமண சமயத்தை ஆதரித்துப் போற்றிய மன்னர். முஸ்லிம்களிடம் படை இல்லை, ஆட்சியும் இல்லை. கப்பலும் சரக்குமே இருந்தன.

அவ்வூரில் சோலாகம்பி மஸ்ஜித் என்றொரு பள்ளிவாசலும் உண்டு. உருது பேசும் நம் சேலத்துச் சகோதரர்களுக்குப் பெயர் உடனே விளங்கும்: சோலா என்றால் பதினாறு. கம்பி என்பது தூணைக் குறிக்கும். நம் கம்பம் என்ற சொல்லை நினைத்துக்கொள்ளலாம். தூண்களின் அடிப்பகுதி மணலில் புதைந்து கிடக்கும் பள்ளி அது. வளைவுகளும் பெருங்குவிமாடங்களும் அங்கே இல்லை. தூணின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் கற்பலகை என்று அவ்வட்டாரத்தின் கட்டுமான முறையிலேயே அமைந்திருக்கிறது. கிப்லா திசையும் மிஹ்ராபும் கவனிக்காவிட்டால் அதை அவ்வூர்க் கட்டடங்களில் ஒன்று என்றே எண்ணத் தோன்றும். நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய கற்பள்ளிகளில் தொழுதவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். அங்கும் தட்டையான கற்கூரை, செதுக்கிய கற்றூண்கள், தமிழ்நாட்டுச் சிற்பியின் கைவண்ணம். இரண்டு கடற்கரைகளிலும், வந்தவர்கள் தங்கள் ஊர்க் கொத்தனாரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. இருந்தவர்களின் கையால் கட்டிக்கொண்டார்கள். தொழுபவரும் கட்டுபவரும் ஒருவரையொருவர் நம்பாமல் இது நடந்திருக்காது.

பத்ரேஸ்வரைப் பற்றிப் பேசும்போது ஜகடு என்னும் சமண வணிகரை விட்டுவிட முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த அவர் ஹுர்முஸ் வரை வணிகத் தொடர்பு வைத்திருந்தார். குஜராத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியபோது தம் களஞ்சியங்களைத் திறந்து ஏழைகளுக்கும் அரசர்களுக்கும் தானியம் வழங்கிய வள்ளல் என்று இன்றும் அப்பகுதி மக்கள் அவரை நினைவுகூர்கின்றனர். அவருடைய வரலாற்றைச் சர்வானந்தர் என்னும் சமண ஆசிரியர் ‘ஜகடுசரிதம்’ என்ற வடமொழிக் காவியமாக எழுதியுள்ளார். அவ்வூரின் புகழ்பெற்ற சமணக் கோயிலை ஜகடு புதுப்பித்ததைச் சொல்லும் அதே நூல், முஸ்லிம்களுக்காக அவர் ஒரு பள்ளிவாசல் கட்டிக்கொடுத்ததையும் சொல்கிறது. முஸ்லிம்கள் தங்கள் பெருமைக்காக எழுதிவைத்த செய்தியாக இது இருந்திருந்தால் நானே சற்றுத் தயங்கியிருப்பேன். தம் சமயத்து வள்ளலின் புண்ணியச் செயல்களுள் ஒன்றாக ஒரு சமணர் பதிவு செய்திருக்கிறார்.

மாணவரின் கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். படைகளும் வந்தன, அதை மறைப்பது வரலாறாகாது. கஜ்னி மஹ்மூது 1026-இல் சோமநாதபுரத்தைத் தாக்கியது அந்தக் குஜராத் கடற்கரையில்தான். ஆனால் அதே சோமநாதபுரத்தில் 1264-இல் நடந்ததையும் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஹுர்முஸிலிருந்து வந்த நூருத்தீன் ஃபைரூஸ் என்னும் கப்பல் உரிமையாளர் அங்கே பள்ளிவாசல் கட்ட நிலம் பெற்றார். ஊர்ப் பெரியவர்கள் அதற்குத் துணை நின்றனர். கோயிலைச் சார்ந்த சைவ சமயத் தலைவரின் பெயரும் ஆவணத்தில் இடம்பெறுகிறது. சமஸ்கிருதத்திலும் அரபியிலும் கல்வெட்டு வெட்டப்பட்டது. சமஸ்கிருதக் கல்வெட்டில் ஹிஜ்ரி 662, விக்கிரம ஆண்டு 1320, வலபி ஆண்டு 945, சிம்ம ஆண்டு 151 என நான்கு கணக்குகளில் காலம் குறிக்கப்பட்டுள்ளது. அதன் தொடக்கத்தில் பள்ளிவாசலின் இறைவனைக் குறிக்க ஆளப்பட்ட சொல் விஸ்வநாதன், அதாவது உலகங்களின் அதிபதி. ரப்புல் ஆலமீன் என்று நாம் நாள்தோறும் தொழுகையில் சொல்வதன் பொருளுக்கு இதைவிட நெருக்கமான வடமொழிச் சொல்லை எழுதியவர் எங்கே தேடியிருப்பார்! மஹ்மூதின் படையெடுப்பைப் பாடப்புத்தகத்தில் படித்தவர் ஆயிரக்கணக்கில் இருக்க, இந்தக் கல்வெட்டைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

கம்பாத் துறைமுகத்துப் பள்ளிவாசல் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அங்கே சிலகாலம் வாழ்ந்த அவ்ஃபீ என்னும் அறிஞர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிவைத்தது. கலவரத்தில் பள்ளி இடிக்கப்பட்டு முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட, தப்பிய கதீப் அலீ என்பவர் சோலங்கி அரசர் ஜெயசிம்மரிடம் முறையிட்டார். அரசர் மாறுவேடத்தில் தாமே கம்பாத் சென்று விசாரித்து, உண்மையறிந்து, குற்றவாளிகளைத் தண்டித்துப் பள்ளியைத் திரும்பக் கட்டப் பணமும் கொடுத்தார் என்பது அவ்ஃபீ தரும் செய்தி. இடித்தவர்களும் அந்த மண்ணில் இருந்தார்கள், கட்டிக்கொடுத்தவரும் அந்த மண்ணில் இருந்தார் என்பதை இரண்டையும் சேர்த்தே அவர் எழுதினார்.

பத்ரேஸ்வரின் பெருமை நிலைக்கவில்லை. பிற்காலத்தில் அதன் கோட்டை மதில்கள் தகர்க்கப்பட்டன. பழைய கட்டடங்களின் கற்கள் முந்த்ரா நகரைக் கட்ட எடுத்துச் செல்லப்பட்டன. எஞ்சியவை மணலோடு கிடக்கின்றன.

கட்ச் பகுதிக்குச் செல்வோர் மேற்குக் கோடியிலுள்ள லக்பத்தையும் விடக்கூடாது. கோரி கழிமுகத்தில் அமைந்த இந்த ஊர், சிந்து நதியின் ஒரு கிளை அங்கே பாய்ந்த காலத்தில் வளமான துறைமுகம். 1819 ஜூன் 16 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சிந்திரி என்னும் கோட்டை நீரில் அமிழ்ந்தது. அதற்கு வடக்கே தட்டை நிலம் பல காத தூரம் ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்து ஒரு கரைபோல் நின்றது. மனிதர் கட்டிய அணைகளைக் கண்டிருந்த மக்கள், மனிதர் கை படாத இந்த அணைக்கு ‘அல்லாஹ் பந்த்’ என்று பெயரிட்டனர். உலகெங்கும் நிலவியலாளர்கள் இன்றும் அந்தப் பெயராலேயே அதைக் குறிப்பிடுகின்றனர். நதி விலகியபின் லக்பத் வெறிச்சோடியது. இப்போது நீண்ட கோட்டை மதிலுக்குள் சில குடும்பங்களும், கௌஸ் முஹம்மது அவர்களின் அடக்கத்தலமும், குருநானக் தங்கிச் சென்றதாகச் சீக்கியர்கள் போற்றும் குருத்வாராவும் இருக்கின்றன.

2001 ஜனவரி 26 காலையில் பூஜ் நகரை உலுக்கிய நிலநடுக்கம் நம் நினைவில் இருக்கும். ஏறக்குறைய இருபதாயிரம் உயிர்கள் மாண்டன. தமட்கா என்னும் ஊரில் தலைமுறைகளாக அஜ்ரக் துணி அச்சிட்டுவந்த கத்ரி முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள் இடிந்ததோடு, நிலத்தடி நீரின் தன்மையும் மாறிவிட்டது. நீர் மாறினால் சாயம் பிடிக்காது என்பதைச் சேலத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களில் பலர் பூஜுக்கு அருகே நிலம் வாங்கி அஜ்ரக்பூர் என்றே ஒரு புதிய ஊரை அமைத்தனர். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் ஏறிய அந்தத் துணியை அங்கே பட்டறையிலேயே பார்த்து வாங்கலாம். குஜராத்தில் இவ்வாறு அச்சிட்ட பழந்துணிகளின் துண்டுகள் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் கிடைத்துள்ளன. பத்ரேஸ்வர் கப்பல்கள் சென்ற கடல்வழி எதுவரை நீண்டது என்பதை அத்துண்டுகளைக் கொண்டு ஊகிக்கலாம்.

போக விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நலம். பூஜில் தங்கி, ஒரு நாளை முந்த்ரா, பத்ரேஸ்வர் என்று ஒதுக்கினால் போதும். அடக்கத்தலத்தில் சப்தமின்றி ஸலாம் கூறி, கல்லில் கைவைக்காமல், பெயர் கிறுக்காமல் பார்த்து வாருங்கள். பயணத்தில் கஸ்ர் தொழுகையின் சட்டங்களைப் புறப்படுமுன் உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் அந்த மாணவருக்குக் கடந்த வாரம் சொன்னேன். அவர் தம் வாப்பாவிடம் அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் கட்ச் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம்; பதினாறு தூண்களையும் தாமே எண்ணிப் பார்க்க வேண்டுமாம். அடிப்பகுதி மணலுக்குள் இருக்கும், சற்றுத் தோண்டி எண்ணலாமா என்று என்னிடம் அனுமதியும் கேட்டார். தோண்டக்கூடாது, தலையை எண்ணினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.