குதிரை ஏறும் ஓட்டுப் பெட்டி: வெள்ளகவியும் இரண்டு கிலோமீட்டர் விதியும்

ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல் நாள் நம் செய்தித்தாள்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். குதிரை முதுகில் வாக்குப்பதிவு இயந்திரம், பின்னால் மூச்சு வாங்க நடக்கும் அலுவலர்கள், கூடவே ஒரு போலீஸ்காரர். ஊர் பெயர் வெள்ளகவி, கொடைக்கானல் தாலுகா. படத்தைப் பார்த்து ‘அட’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். அந்த இயந்திரம் ஏன் அங்கே போகிறது, போகாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை.

முதலில் பாதையைப் பார்ப்போம். இன்றைக்கு வெள்ளகவி ‘ஒதுக்குப்புறம்’. ஆனா நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கதையே வேற. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியபோது பட்லகுண்டு சாலை கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து மலையேறும் பாதைதான் வழி. துரைமார்கள் டோலியில் போனார்கள், சுமந்தவர்கள் நம்மாட்கள். அந்தப் பழைய தடத்தை ஒட்டிய ஊர்தான் வெள்ளகவி. லாஸ் காட் ரோடு 1914-ல் முடிந்து 1916-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியதும் வெள்ளகவி ‘தூரமாகி’விட்டது. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, சாலைதான் இடம் மாறியது. பெரியகுளம் கீழே இருந்தாலும் நிர்வாகம் திண்டுக்கல் மாவட்டம், தொகுதி பழநி. அதனால் இயந்திரம் கொடைக்கானலுக்கு ஏறி, வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வழியாக ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறது.

இனி சட்டம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தேர்தல் ஆணையத்தின் முன் ஒப்புதலோடு மாவட்டத் தேர்தல் அலுவலர் போதிய வாக்குச்சாவடிகளை அமைத்துப் பட்டியல் வெளியிட வேண்டும் என்கிறது. எங்கே அமைப்பது என்பதை ஆணையத்தின் கையேடுகள் சொல்கின்றன. பொதுவாக யாரும் 2 கி.மீ.க்கு மேல் நடக்க நேரக் கூடாது. ஒரு சாவடிக்கு உச்சவரம்பு 1,500 வாக்காளர், 2025-ல் இது 1,200 ஆனது. மலையிலும் காட்டிலும் ஆட்கள் குறைவாக இருந்தாலும் தனிச் சாவடி வைக்கலாம். காவல் நிலையம், மருத்துவமனை, கோயில் போன்ற வழிபாட்டு இடங்களில் வைக்கக் கூடாது. 200 மீட்டருக்குள் கட்சி அலுவலகம் இருக்கக் கூடாது.

கடைசி விதிகளைப் பாருங்க. தூரம் மட்டுமல்ல, பயமும் கணக்கில் வருகிறது. ஸ்டேஷன் வாசலில் நின்று ஓட்டுப் போடச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. அவ்வளவு தெய்வங்கள். அப்படிப்பட்ட ஊரிலும் சாவடி சாமிக்குச் சொந்தமில்லாத கூரைக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும்.

தேர்தல் நாளுக்கு முன்பே போடும் ஓட்டுக்கும் இதே கேள்வி உண்டு. தேர்தல் பணியில் இருக்கும் ஆசிரியர்கள், ஊழியர்கள் முன்பு தபால் சீட்டை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, எண்ணும் நாள் காலை வரை அனுப்பலாம். சீட்டு பல நாள் கையில் இருந்தால் கேட்டு வாங்கவும் மிரட்டவும் ஆள் வரும். எனவே 2023-ல் விதி திருத்தப்பட்டது. இப்போது அவர்கள் அதற்கென அமைக்கும் வசதி மையத்திலேயே வாக்களித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

முதியவர்களுக்கு நேர் எதிரான ஏற்பாடு. அவர்களுக்கு வீடே சாவடி. தமிழ்நாட்டில் 2021-ல் 80 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது முதன்முதலாக வந்தது. 2024-ல் வயது வரம்பு 85 ஆனது. அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் 12டி படிவம் கொடுக்க வேண்டும். குழு இரண்டு முறைதான் வரும். அனுமதி பெற்றவர் பிறகு சாவடிக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. மலைக்கிராமத்தில் படிவம் ஐந்து நாளுக்குள் போய்ச் சேர்வதே ஒரு வேலை.

இதில் இமாச்சலத்தின் ஷியாம் சரண் நேகி நினைவுக்கு வருகிறார். பனி வழியை அடைத்துவிடும் என்பதால் கின்னௌரில் நாட்டுக்கே முன்பாக, 1951 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அதில் முதல் வாக்காளர் அவர். 2022 நவம்பரில், இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, வீட்டிலிருந்தே கடைசி ஓட்டைப் போட்டார். அவர் ஓட்டில் முதலாவதற்கு நாள் முன்னே வந்தது, கடைசியானதற்கு இடம் தேடி வந்தது.

இதெல்லாம் மலைநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2020 அக்டோபரில் டெக்சாஸ் ஆளுநர், தபால் ஓட்டை நேரில் ஒப்படைக்க ஒரு கவுண்டிக்கு ஒரே இடம்தான் என்று ஆணையிட்டார். 40 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும், ஹூஸ்டன் நகரம் உள்ள ஹாரிஸ் கவுண்டிக்கும் அதே ஒன்று. அங்கே பன்னிரண்டு இடங்கள் ஒன்றானது. யாருடைய ஓட்டுரிமையையும் பறிக்கவில்லை, தூரத்தை மட்டும் கூட்டினார்கள். அவ்வளவுதான்.

வெள்ளகவிச் சாவடியை மேலே வட்டக்கானலுக்கு மாற்றினால் செலவு குறையும், குதிரையும் வேண்டாம். காகிதத்தில் யார் பெயரும் நீங்காது. ஆனால் அந்த ஏற்றத்தை ஒரு பாட்டியும், கைக்குழந்தைக்காரியும், அன்றைய கூலியை விட முடியாதவரும் ஏற வேண்டும். ஏறாமல் போனவர்களை ‘ஆர்வமில்லாதவர்கள்’ என்று புள்ளிவிவரம் சொல்லிவிடும்.

சாவடிப் பட்டியலின் வரைவை ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்கள். கட்சிக்காரர்களைத் தவிர அதை யாரும் படிப்பதில்லை. அடுத்த முறை வெளியாகும்போது, குதிரைப் படம் வருவதற்கு முன்னாலேயே அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.