அலெக்சாண்டர் பிறக்காத உலகம்

மக்கெடோனிய மன்னர் மூன்றாம் அலெக்சாண்டர் (கி.மு. 356–323) பிறக்காமலே இருந்திருந்தால் உலக வரலாறு எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி, மாற்று வரலாறு என்னும் சிந்தனை முறையின் பழைய கேள்விகளோடு உறவுடையது. அவர் மேற்கே திரும்பி ரோம் மீது பாய்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தம் வரலாற்று நூலின் ஒன்பதாம் பகுதியில் அலசி, ரோமே வென்றிருக்கும் என்று தீர்ப்பெழுதினார். இளவயதில் சாகாமல் அவர் நெடுநாள் வாழ்ந்திருந்தால் என்று 20ஆம் நூற்றாண்டில் ஆர்னால்ட் டாயின்பி எழுதிப் பார்த்தார். இருவருமே அவரை வைத்துக்கொண்டுதான் யோசித்தார்கள். அவரை அடியோடு எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் கடினம்.

ஆனால் அவர் தொடக்கத்திலேயே இல்லாமல் போக நூலிழைதான் பாக்கி இருந்தது. கி.மு. 334, கிரானிகஸ் ஆற்றங்கரை. ஆசிய மண்ணில் அவருக்கு முதல் பெரும்போர். பாரசீகத் தளபதி ஒருவர் ஓங்கிய கோடரி தலைக்கவசத்தின் கொண்டையை அறுத்துக்கொண்டு தலைமயிர்வரை இறங்கியது என்கிறார் புளூட்டார்க். அடுத்த வெட்டு விழுவதற்குள் அலெக்சாண்டரின் படைத்தலைவர் கிளைட்டஸ் ஈட்டியால் குத்தி அந்த எதிரியைச் சாய்த்தார். ஆறு ஆண்டுகள் கழித்துச் சமர்கந்தில் நடந்த குடிவிருந்தில், அதே கிளைட்டஸை அலெக்சாண்டர் தம் கையாலேயே கொன்றார்.

அவர் இல்லாவிட்டாலும் போர் வந்திருக்கும். ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு நீண்ட சாரிஸா ஈட்டியும், அதை ஏந்தி நெருங்கி நிற்கும் அணிவகுப்பும் தந்தை இரண்டாம் பிலிப் உருவாக்கியவை. கி.மு. 336இல் பிலிப் கொலையுண்டபோது, தளபதி பார்மேனியன் தலைமையில் முன்படை ஏற்கெனவே ஆசியாவுக்குக் கடந்திருந்தது. ஆக, படையெடுப்பு மகனுடைய கனவாகத் தொடங்கியதல்ல.

எதுவரை போவது என்பதுதான் மகனுடையது. யூப்ரடீஸ் ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலம் முழுவதையும் தந்துவிடுகிறேன், சமாதானமாகப் போவோம் என்று பாரசீக மன்னர் மூன்றாம் டேரியஸ் தூதனுப்பினார். நான் அலெக்சாண்டராக இருந்தால் ஒப்புக்கொள்வேன் என்று பார்மேனியன் சொன்னாராம். நானும் பார்மேனியனாக இருந்தால் ஒப்புக்கொள்வேன் என்று பதில் வந்ததாம். பிற்கால நூல்கள் சொல்லும் இந்தக் கதையின் சொற்கள் எப்படியோ போகட்டும். தூது மறுக்கப்பட்டது உண்மை. அனுபவம் மிக்க எந்தத் தளபதியும் அந்த ஆற்றோடு நின்றிருப்பார். சின்ன ஆசியா மக்கெடோனியர் கைக்குப் போயிருக்கும். பாபிலோனும் ஈரானும் பாரசீகரிடமே இருந்திருக்கும். கி.மு. 343இல்தான் எகிப்தை மீட்ட பேரரசு அது. தானாக உதிர்ந்துவிடும் நிலையில் அது இருந்தது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் அலெக்சாந்திரியா நகரம் இல்லை, அதன் நூலகமும் இல்லை. அங்கே கிரேக்கம் பேசிய யூதர்களுக்காக எபிரேய வேதம் மொழிபெயர்க்கப்பட்டிருக்காது. புதிய ஏற்பாடு இன்னொரு மொழியில் எழுதப்பட்டிருக்கும். அலெக்சாண்டருடைய தளபதி செலூக்கஸ் வழிவந்த ஆண்டுக்கணக்கும் தோன்றியிருக்காது. அதுவரை ஒவ்வொரு மன்னர் முடிசூடும்போதும் ஆண்டு ஒன்றிலிருந்துதான் எண்ணினார்கள். மன்னர் இறந்தும் அறுபடாமல் ஓடிய முதல் பெருங்கணக்கு இதுதான்.

இந்தியப் பக்கம் பாதிப்பு குறைவு என்றே தோன்றுகிறது. கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையில் படை மேலே நகர மறுத்தது. அவர் பஞ்சாபில் வைத்துவிட்டுப் போன ஆட்சியும் சில ஆண்டுகளிலேயே கரைந்தது. பழைய இந்திய நூல்கள் அவர் பெயரைச் சொல்வதில்லை. நந்தர்களின் மகதம் அவருக்கு முன்பே வலிமையாக இருந்தது. சந்திரகுப்தர் எழுவதற்கு அந்த அடித்தளம் போதும். ஆனால் செலூக்கஸின் தூதர் மெகஸ்தனீஸ் பாடலிபுத்திரத்துக்கு வந்திருக்க மாட்டார். பாண்டிய நாட்டைப் பற்றி அவர் எழுதிவைத்த செய்தியும் கிடைத்திருக்காது.

1958இல் காந்தகாரில் கண்டெடுத்த அசோகரின் பாறைக் கல்வெட்டு, எது போகும், எது நிற்கும் என்பதைக் கண்முன் காட்டுகிறது. மேலே கிரேக்கம், கீழே அரமேயம். அரமேயம் பாரசீகப் பேரரசின் அலுவல் மொழி. அலெக்சாண்டரை நீக்கினால் மேற்பாதி வெறும் பாறையாகிவிடும். கீழ்ப்பாதி அப்படியே நிற்கும்.

கடல் வணிகத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். செங்கடல் கரையில், அலெக்சாண்டரின் தளபதி ஒருவர் வழிவந்த எகிப்திய மன்னர் இரண்டாம் டாலமி நிறுவிய பெரனிக்கே துறைமுகத்தில், செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியப் பெருஞ்சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. டாலமிகள் இல்லையென்றால் அந்தத் துறைமுகத்துக்கு அந்தப் பெயர் இல்லை. மிளகுக்கு வழி இருந்திருக்கும்: அலெக்சாண்டருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே பாரசீக மன்னர் முதலாம் டேரியஸ் நைலையும் செங்கடலையும் கால்வாயால் இணைத்திருந்தார். வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறி வணிகப் பயணத்துக்காக எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம். அலெக்சாண்டர் பிறக்காத உலகிலும் முசிறிக்குக் கப்பல் போயிருக்கும், கடன்பத்திரமும் எழுதியிருப்பார்கள். அது கிரேக்க மொழியில் இருந்திருக்காது.