பம்பை ஹம்பி ஆன வழி

நம் பால் கன்னடத்தில் ஹாலு. புலி, ஹுலி, பல், ஹல்லு. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் காலப்போக்கில் ஹகரமாகத் தேய்ந்தது. ஹம்பிக்குப் போகிறவர்கள் ரயிலிலிருந்து இறங்கும் ஹொசபேட்டெயிலேயே இதைக் காணலாம். பெயருக்குப் பொருள் புதுப்பேட்டை. முன்னால் நின்ற ‘பொச’ ஹொச ஆகிவிட்டது, பேட்டெ தப்பிவிட்டது.

‘பம்பெ’ என்ற சொல்லுக்குள் இரண்டு பகரங்கள். முதலாவது ஹகரமாயிற்று. மகரத்தை ஒட்டி நின்ற இரண்டாவது அசையவே இல்லை. அப்படி வந்ததுதான் ஹம்பெ, இன்றைய ஹம்பி.

பம்பா (கன்னடத்தில் பம்பெ, தமிழில் பம்பை) துங்கபத்திரை ஆற்றின் பழம்பெயர். கம்பராமாயணத்தில் கிட்கிந்தா காண்டம் தொடங்குவதே பம்பை வாவிப் படலத்தோடுதான். ஆற்றின் வடகரையில், ஆனெகுந்திக்குப் பக்கத்தில், பம்பா சரோவரம் என்று இன்றும் ஒரு குளத்தைக் காட்டுகிறார்கள். ஊராருக்கோ பம்பை தெய்வப்பெண். தவமிருந்து சிவனை மணந்தவள். அதனால் ஹம்பிக் கோயிலில் இருக்கும் சிவனான விரூபாட்சருக்குப் பம்பாபதி என்றும் பெயர். ஆண்டுதோறும் சித்திரைத் தேர்த்திருவிழாவில் அந்தத் திருமணம் நடக்கிறது.

1336-இல் சங்கம மரபினர் ஆட்சி தொடங்கிய பின் இங்கே எழுந்த தலைநகருக்கு விஜயநகரம் என்று பெயரிட்டார்கள். வெற்றியைச் சொல்லும் பெயர். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் சூறையாடப்பட்டது. அரசு பெனுகொண்டாவுக்குப் போயிற்று. அரண்மனைகள் பலவற்றில் இன்று அடித்தளக் கற்களே மிச்சம். விரூபாட்சர் கோயிலில் மட்டும் பூசை நிற்கவில்லை. தேர் பார்க்க வந்தவர்களின் வாயில் ஊர் ஹம்பியாகவே நிலைத்தது. அரசர் இட்ட பெயர் பேரரசுக்கு ஆயிற்று. ஆற்றின் பெயர் ஊருக்கு ஆயிற்று. எனக்கு இதில் வியப்பில்லை, மகிழ்ச்சிதான் உண்டு.

போகிறவர்கள் விடியலில் மாதங்க மலை ஏறுங்கள். உருண்டைப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஆறு வளைந்து வரும். இருபுறமும் வாழைத்தோட்டம், அதில் பாயும் தண்ணீர் விஜயநகரக் காலத்தில் வெட்டிய கால்வாய்களில் வருவது. இறங்கியதும் கோயிலுக்குள் போய், ராஜகோபுரத்தின் நிழல் சிறு துளை வழியே இருட்டறைச் சுவரில் தலைகீழாக விழுவதைப் பாருங்கள். அங்கே பக்தர்கள் கும்பிடும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஊரைச் சொல்ல ஹம்பி என்பவர்களே, சாமியைக் கூப்பிடும்போது பழைய பகரத்தோடு பம்பாபதி என்பார்கள்.