மெட்டு பிறந்த கதை

பதின்மூன்றாம் நூற்றாண்டில், தேவகிரி யாதவ மன்னன் சிங்கணனின் அரண்மனைக் கணக்கர் ஒருவர் இசைக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்தார். அவர் பெயர் சார்ங்கதேவர், நூலின் பெயர் ‘சங்கீத ரத்னாகரம்’. கின்னரி வீணை செய்யும் முறை வந்த இடத்தில் கணக்குப்பிள்ளையின் எழுத்து கொஞ்சம் முகம் சுளிக்க வைத்தது. விரல் அழுத்தும் இடங்களில், அதாவது மெட்டுகளாக, அவர் பொருத்தச் சொன்னது கழுகின் எலும்பை! கழுகு கிடைக்காதவர்களுக்கு உலோகக் குழலும் உண்டு. எதுவானாலும் வீணையின் கழுத்தான தண்டியில் ஒட்டுவதற்கு மெழுகு, அது இறுகுவதற்கு எரித்த துணியின் சாம்பல். எலும்பு பின்னாளில் சத்தமில்லாமல் விடைபெற்றது. மெழுகோ பிடித்த பிடியை விடவில்லை. அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு வீணைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது இவை இரண்டுமே அல்ல.

மெட்டை எங்கே வைப்பது என்பதுதான் அந்தத் தலைவலி. ஒரு ராகத்தின் சுவரங்களுக்கு ஏற்ப மெட்டு வைத்தால் அடுத்த ராகத்துக்கு அது உதவாது. ராகத்தை மாற்ற மெட்டை நகர்த்த வேண்டும். கேட்க வந்தவர்கள் அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருக்க வேண்டியதுதான். விஜயநகரத்தை ஆண்ட ராமராயரின் ஆதரவில் இருந்த ராமாமாத்தியர் 1550-ல் எழுதிய ‘ஸ்வரமேள களாநிதி’யில் இதைப் பிட்டுப் பிட்டு வைத்தார். ஒரே ராகத்துக்கு மெட்டமைத்த வீணை ஒரு வகை, எல்லா ராகத்துக்கும் பொதுவாக மெட்டமைத்த வீணை இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டினார். ஏட்டளவில் வழி பிறந்துவிட்டது. பதினைந்தே ஆண்டுகளில், 1565-ல், தலைக்கோட்டைப் போர்க்களத்தில் ராமராயரின் தலை உருண்டது. விஜயநகரம் சூறையாடப்பட்டது.

ஒரு நகரம் அழிந்தது இன்னொரு நகரத்துக்கு யோகமாயிற்று. வித்வான்களும் கலைஞர்களும் தெற்கே நடந்தார்கள். அவர்களில் பலருக்கு அடைக்கலம் தந்தது தஞ்சை நாயக்கர்களின் அரண்மனை. 1600-ல் அங்கே பட்டத்துக்கு வந்த ரகுநாத நாயக்கர் தாமே கவிஞர், தாமே வைணிகர். அமைச்சர் கோவிந்த தீட்சிதரோ மூன்று தலைமுறை நாயக்கர்களுக்கு மதி சொன்னவர், இசையிலும் கரை கண்டவர். ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள், வாசிக்கும் தந்திகள் எல்லாவற்றுக்கும் அடியில், எந்த ராகம் வந்தாலும் அசையாமல் நிற்கும்படி வீணையை ஒழுங்கு செய்த பெருமையை மரபு இந்த இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. தீட்சிதரின் மகன் வேங்கடமகி அந்தப் பன்னிரண்டு இடங்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தார். எழுந்தபோது ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யில் 72 மேளங்கள், அதாவது தாய் ராகங்கள், இருந்தன. ஆனால் தச்சனின் கையில் ஒரு கேள்வி தொக்கி நின்றது.

மெட்டு இனி நகரப்போவதில்லை என்றால் மெழுகு எதற்கு? மரத்தில் வெட்டுப் போட்டு வெண்கலத்தை அடித்து இறக்கிவிட்டால் தலைமுறைக்கும் நிற்குமே! கித்தார் செய்தவர்கள் பின்னாளில் போனது அந்த வழியில்தான். தஞ்சைத் தச்சர்கள் போகவில்லை. பலாமரம் மழைக்கு ஒன்று சொல்லும், வெயிலுக்கு ஒன்று சொல்லும். சுருதி பார்க்கும் காதும் ஆளுக்கு ஆள் வேறு. எனவே தண்டியின் மேல் இரண்டு நீளச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் கறுப்பு மெழுகைப் படியவைத்து, மெட்டுகளைப் பாலம்போலக் குறுக்கே பதித்தார்கள். இதில் ஒரு அதிர்ஷ்டமும் ஒட்டிக்கொண்டு வந்தது. மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே வெறும் பள்ளம், விரல் தட்டுவதற்கு மரமே இல்லை. தந்தியைத் தாராளமாக இழுக்கலாம், ஒரே மெட்டில் நின்றபடி அடுத்தடுத்த சுவரங்களைப் பிடித்துவிடலாம். தஞ்சாவூர் வீணையின் கமகம் இந்தப் பள்ளத்தில்தான் செழித்தது. அந்தச் செழிப்பே மெட்டுக்கு எமனாகவும் வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் வீணை சென்னையில் குடியேறியது. காரைக்குடி சாம்பசிவ ஐயர் 1936-ல் அடையாறில் பிறந்த கலாக்ஷேத்திராவுக்கு ஆசிரியராக வந்தார். எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்து ராகத்தின் அடிவயிறு வரை போனார். வாசிக்கும் முதல் தந்தியான சாரணி எஃகு, மெட்டு வெண்கலம். பக்கவாட்டில் இழுக்க இழுக்க எஃகு வெண்கலத்தின் முதுகை அறுத்துப் பள்ளமாக்கியது. பள்ளத்தில் தந்தி இடறியது, அடுத்த மெட்டில் உரசிக் கிர்ர் என்று இரைந்தது. போதாக்குறைக்குக் கத்திரி வெயிலில் மெழுகு இளகி, மெட்டுகள் மெல்ல இடம்பெயர்ந்தன. மெட்டுகளை மறுபடி பதித்துத் தரும் ‘மேளம் கட்டுபவரை’த் தேடி ஆள் போனது.

மயிலாப்பூர்ச் சந்துகளில் இந்த வேலைக்காரர்களின் காலடியில் எப்போதும் கரித்தூள் கிடந்தது. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்து உருக்கிச் சட்டங்களில் பூசினார்கள். மெட்டுகளை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பள்ளத்தை மறைத்தார்கள். ராவித் தீராத பள்ளமென்றால் புது மெட்டு. பிறகு ஆரம்பித்தது நிஜமான வேலை. ஒரு மெட்டை மெழுகில் அழுத்து, மீட்டு, கேள், மயிரிழை முன்னே தள்ளு, மறுபடி மீட்டு. உயரம் ஒரு நூல் பிசகினால் பக்கத்து மெட்டு தந்தியைத் தொட்டுவிடும். இருபத்துநாலும் வாய்க்கிறவரை இதே கதைதான், அளவுகோலுக்கு அங்கே வேலையே இல்லை. மெட்டுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தின் புகழ் சந்துகளைத் தாண்டி, கடலையும் தாண்டப்போகிறது என்று அரம் பிடித்தவர்களுக்குத் தெரியாது.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சங்கீத வித்வான் எஸ். ராமநாதன் கற்பித்துக்கொண்டிருந்தார், கூடவே சிலப்பதிகார இசையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் வீணை கற்க வந்து நின்றவர் ஆங்கிலேயக் கித்தார் மன்னர் ஜான் மெக்லாஃப்லின்! வீணையில் கண்ட இழுப்பு கித்தாரில் வரவில்லை, விரல் மரத்தில் இடித்தது. கிப்சன் நிறுவனத்துக் கைவினைஞர் ஏப்ரகாம் வெக்டர் அவருக்காக ஒரு கித்தார் செய்தார். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கினார், ரீங்காரத்துக்குக் குறுக்கே தனித் தந்திகளும் கட்டினார். எல். சங்கர், ஜாகிர் உசேன், சென்னைக் கடம் வித்வான் விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் அது முழங்கியது. பள்ளம் போய்ச் சேர்ந்தது, மெழுகு மட்டும் கப்பல் ஏறவில்லை.

மெழுகு இல்லாததன் பலனைக் கித்தார்க்காரர்கள் அனுபவித்தார்கள். அங்கே ஒரு மெட்டு தேய்ந்தால் பக்கத்து மெட்டுகளையும் சேர்த்து ராவி மட்டம் பார்க்க வேண்டும். சில முறை ராவியதும் மெட்டே கட்டையாகிவிடும். பிறகு குறடு போட்டுப் பிடுங்கி, மரம் சிராய்க்காமல் புதுக் கம்பி இறக்க வேண்டும். வீணைக்காரருக்கு மெழுகை இளக்கினால் போதும், ஒற்றை மெட்டு கையோடு வந்துவிடும்.

இருந்தும் வெயிலுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பயந்தவர்கள் மெழுகைக் கைவிடப் பார்த்தார்கள். திருகாணியால் நகர்த்தும் மெட்டுகள் வந்தன. பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் மின்னணு வீணையில் மெழுகுக்கே இடமில்லை. அதனால் சுருதி கலையும் பயம் குறைந்தது. சாரணிக்கு அடியில் பள்ளம் விழுவதைத் திருகாணியாலும் தடுக்க முடியவில்லை. அதற்கு அரம்தான் வரவேண்டியிருந்தது.