வட்டம் சேணமான கதை

தேற்றாத்தீவில் என் மேசையில் பிறிஸ்டல் போட் வட்டு ஒன்று கிடக்கிறது. நடுவில் துளை, அதைச் சுற்றி ஒன்றையொன்று சூழ்ந்த ஐந்து வட்டக் கோடுகள். மை தீர்ந்த பேனையால் அழுத்திக் கீறி, ஒன்றை மேடாகவும் அடுத்ததைப் பள்ளமாகவும் மடித்தேன். கையை எடுத்ததும் வட்டு தானாக முறுக்கிக்கொண்டு குதிரைச் சேணமாயிற்று.

“இதென்ன மனே, பொரிச்ச பப்படம் மாதிரி நெளியுது?” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

ஜெர்மனியின் டெசாவ் நகரில், பௌஹவுஸ் கலைப்பள்ளியில் யோசப் ஆல்பர்ஸ் நடத்திய வகுப்பில் 1927–28 அளவில் மாணவர்கள் செய்த பயிற்சி இது. 1933இல் பள்ளி மூடப்பட, ஆல்பர்ஸ் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். பயிற்சியும் கூடவே கப்பலேறியது. கணினிக் கோப்புகளைச் சுருக்கும் குறியீட்டை 1952இல் வெளியிட்ட டேவிட் ஹஃப்மன்தான், 1976இல் இப்படி வளைகோட்டில் மடிப்பதன் கணிதத்தையும் எழுதினார்.

நேர்கோட்டில் மடித்தால் இரு பக்கமும் தட்டையாகவே இருக்கலாம். வளைகோட்டில் அது நடக்காது. இரு பக்கமும் வளைந்தே ஆகவேண்டும். மடிப்பு இறுக இறுகக் கோட்டின் வளைவும் கூடும். ஆனால் வட்டக் கோட்டின் நீளம் மாறாது. கூடிய வளைவைத் தட்டையில் வைக்க இடமில்லாமல் கோடு மேலும் கீழும் அலைகிறது. பப்படம் எண்ணெயில் ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் சுருங்கி நெளிகிறது. மட்டையோ ஒரு மயிரிழையும் நீளவில்லை, சுருங்கவில்லை. பெரியம்மாவுக்கு இதைச் சொல்லி விளக்க எனக்கு அரை மணித்தியாலம் போயிற்று.

கல்யாண வீட்டில் கேக் வைத்துத் தரும் தலையணைப் பெட்டியும் இதே இனம். தட்டையாக வந்து, வில்போன்ற கோடுகளில் அமர்த்தியதும் உப்பி நிற்கும்.

கோட்டை எங்கே கீறுவது என்பதுதான் சிக்கல். வேண்டிய வடிவத்தை விரித்தால் கோடு தட்டையில் எங்கே விழும் என்று கணினியால் தேடும் முறையை 2008இல் ஓர் ஆய்வுக்குழு வெளியிட்டது. வியன்னாக்காரர்களோடு அதில் டெல்லி ஐ.ஐ.டி.யின் நிலோய் மித்ராவும் இருந்தார். கிடைத்த கோட்டை லேசர் இயந்திரம் விட்டுவிட்டு வெட்டும். மட்டை அதன்வழி மடியும்.

என்னிடம் இருந்தது பிளேட். மின்விசிறி வந்த காட்போட் பெட்டியில் பெரிய வட்டம் கீறிப் பார்த்தேன். உள்ளே நெளிவரிகள் ஒரே திசையில் ஓடுகின்றன. கோடு அவற்றோடு ஒத்துப்போன இடத்தில் அழகாக மடிந்தது. குறுக்கே போன இடத்தில் பல்லுப்பல்லாக உடைந்தது. மிச்சப் பெட்டியைக் கோழிக்குஞ்சு அடைக்கப் பெரியம்மா கேட்டு வாங்கிப் போனார்.