வாசல் தேடி வந்த சுகாதாரம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றைக் கடக்கும் பாலத்தருகே அமரவிளை என்னும் ஊர் இருக்கிறது. அதற்கப்பால் பாறசாலை, பின்னர் இஞ்சிவிளை, பின்னர் களியக்காவிளை. களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை மூன்றும் விளைகளே. தென் திருவிதாங்கூர்த் தமிழில் விளை என்றால் தென்னையும் பனையும் மரச்சீனியும் நிற்கும் மேட்டு நிலம். மாநில எல்லைக்கு இரு புறமும் ஊர்ப்பெயர்கள் ஒரே பேச்சில் பிறந்திருக்கின்றன.

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இந்த எல்லையூர்களின் சுகாதார வரலாற்றில் என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். தில்லியில் நஜஃப்கர்ப் பக்கம் குடியிருப்போர் சற்றுப் பொறுத்திருந்தால் போதும். விடை அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.

திருவிதாங்கூரில் பொதுச் சுகாதாரம் என்பது அம்மை குத்துவதில் தொடங்கியது. ஜென்னர் 1796-ல் கண்ட முறையை, 1810 முதல் 1815 வரை ஆண்ட ராணி கௌரி லட்சுமி பாய் தம் நாட்டில் புகுத்தினார். ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ அதற்குத் துணை நின்றார். மக்களின் அச்சத்தைப் போக்க அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டனர் என்பர். ஆயினும் வேலை எளிதாக நடக்கவில்லை. அம்மை நோயைத் தெய்வத்தின் வருகை என்று கருதிய மக்கள் ஒரு புறம். மறு புறம் சாதி. அக்காலத்து முறைப்படி ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்தே அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பார்கள். யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 1879-ல் அரசு ஊழியர், மாணவர், சிறைக்கைதிகள் ஆகியோருக்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கி அரச விளம்பரம் வெளிவந்தது. இம்மூவரும் அரசின் கைக்கு எட்டியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விளையிலும் வயலிலும் உழைத்தவர்கள் அந்தக் கைக்கு எட்டாத தொலைவில் இருந்தார்கள்.

அவர்களுக்கு முதலில் எட்டியது நெய்யூர் மருத்துவமனை. லண்டன் மிஷன் சங்கத்தார் 1838-ல் டாக்டர் ராம்சே என்பவரைக் கொண்டு அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினர். 1860-களில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கே மருத்துவம் கற்பித்து, சிற்றூர்களில் கிளை மருந்தகங்கள் அமைய வழி செய்தார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுக்களில் இருந்த டாக்டர் சாமர்வெல், தம் வாழ்நாளின் சிறந்த பகுதியை நெய்யூரின் அறுவைக்கூடத்திலேயே கழித்தார். வெற்றிலை புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய்க்கும், அப்பகுதியில் மிகுந்திருந்த குடற்புண்ணுக்கும் அவர் செய்த சிகிச்சை புகழ் பெற்றது. சாதி பாராமல் நோயாளிகளை ஏற்றது அம்மருத்துவமனையின் பெருமை. 1924-ல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய வீதியில் நடக்கும் உரிமைக்காக ஈ.வெ.ரா. பெரியார் சிறை சென்ற நாடு அது. வீதியே எல்லோருக்கும் பொதுவாகாத இடத்தில், பொது மருத்துவமனை என்ற சொல்லுக்குப் பொருள் ஏது?

எனினும் மருத்துவமனை நோயாளியை எதிர்பார்த்து இருந்த இடத்திலேயே இருக்கும். நோயை அது பிறந்த இடத்திலேயே சென்று காண்பது வேறு பணி. அந்தப் பணியை இப்பகுதிக்குக் கொண்டுவந்தது ஒரு புழு என்றால் வியப்பாக இருக்கும்.

கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணில் வாழ்வது. வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்த ஓட்டத்தில் நுரையீரலுக்குச் சென்று, தொண்டை வழியாகக் குடலை அடைந்து, அங்கே கொக்கி போட்டுக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அதன் முட்டைகள் மலத்துடன் வெளியேறி மீண்டும் மண்ணைச் சேரும். மரநிழலில் ஈரம் காயாத விளைமண்ணைவிட அதற்கு உகந்த இடம் இல்லை. புழு உள்ளவர் ஒரே நாளில் வீழ்ந்துவிடுவதில்லை. முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், வேலை ஓடாது. அவரைச் சோம்பேறி என்று ஊர் ஏசும். கருவுற்ற பெண்ணுக்கோ அந்த இரத்தக் குறைவு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

1928-ல் அமெரிக்க ராக்பெல்லர் அறநிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ஜேக்காக்ஸ் திருவிதாங்கூருக்கு வந்து ஆராய்ந்தபோது, இப்புழு நாடெங்கும் பரவியிருப்பது தெரிந்தது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றலாம். ஆனால் வீட்டுக்குக் கழிப்பிடம் இல்லாவிடில் அடுத்த மழைக்காலத்தில் அது மீண்டும் வந்துவிடும். எனவே மருந்தும் கழிப்பிடமும் அறிவுரையும் ஒன்றாகச் செல்ல வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அம்முடிவின் பயனாக 1930-களில் அமைந்ததே நெய்யாற்றின்கரை ஹெல்த் யூனிட். (மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு 'யூனிட்' என்ற அச்சொல் பல நாள் தொல்லை கொடுத்ததுண்டு. பிரிவு என்றால் ஏதோ ஒன்றிலிருந்து பிரிந்ததாகிறது; அலகு என்றால் மருத்துவம் மறைந்து கணக்கு முன்னிற்கிறது. மக்கள் யூனிட் என்றே சொல்லிவிட்டார்கள்; நாமும் அவ்வாறே சொல்கிறோம்.)

இத்தகைய யூனிட்டின் அடிப்படை எளிது. குறிப்பிட்ட ஒரு பரப்பையும் அதன் மக்களையும் ஒரு சுகாதார அதிகாரியின் பொறுப்பில் விடுவது. அவருக்குக் கீழ் சுகாதார ஆய்வாளர்கள், தாதியர், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள். நோயாளி தங்களைத் தேடி வருவார் என்று இவர்கள் காத்திருப்பதில்லை. பிறப்பையும் இறப்பையும் எழுதிக்கொள்வதும், கருவுற்ற பெண்ணைப் பேறுகாலத்துக்கு முன்பே சென்று பார்ப்பதும், கிணற்றைச் சோதிப்பதும், அம்மை குத்துவதும், நிலத்தைத் துரப்பணத்தால் ஆழமாகத் துளைத்துக் கழிப்பிடம் அமைக்கச் சொல்வதும் இவர்கள் பணி. வரலாற்று நூல்கள் அரசர்களின் விளம்பரங்களை வரிசைப்படுத்துகின்றன. குடையும் பையுமாக விளைகளின் வரப்பில் நடந்த தாதிக்கு அவற்றில் ஒரு வரியும் கிடைப்பதில்லை. எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார் என்பதை அவள் அறிந்த அளவு திவான் அறிந்திருக்க முடியாது. 1938-ல் டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் என்ற பெண்மணியே சமஸ்தான மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் பொருந்தும்.

இதே அறநிலையத்தின் துணையுடன் மைசூர் நாட்டில் மாண்டியாவிலும், சென்னை மாகாணத்தில் பூந்தமல்லியிலும், ஐக்கிய மாகாணத்தில் பிரதாப்கரிலும், வங்காளத்தில் சிங்கூரிலும், தில்லியின் நஜஃப்கரிலும் யூனிட்டுகள் அமைந்தன. 1943-ல் நியமிக்கப்பட்ட போர் குழு 1946-ல் அறிக்கை அளித்தபோது, நாற்பதாயிரம் மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்த யூனிட்டுகளின் அனுபவம் அதற்கு முன்னரே கண்முன் இருந்தது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு அந்நிலையங்கள் நாடெங்கும் எழலாயின. இன்று நாம் வாழும் எந்த மாநிலத்திலும், குழந்தைக்கு ஊசி போடும் அட்டையுடன் சென்று வரிசையில் நிற்கும்போது, நெய்யாற்றின்கரைக்கும் நஜஃப்கருக்கும் பொதுவான அந்த ஏற்பாட்டின் பயனையே பெறுகிறோம்.

அதன் பின் 1956 வந்தது. தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் தாய்த் தமிழகத்துடன் இணையப் போராடியபோது நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள். நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யூர் மருத்துவமனை ஒரு மாநிலத்திலும், அதை நம்பியிருந்த பாறசாலை வட்டாரத்துக் குடும்பங்கள் வேறொரு மாநிலத்திலும் ஆயின. நோயாளிகள் பழைய வழியிலேயே நடந்தார்கள், பதிவேடுகள்தாம் இரண்டாயின.

மொழியால் சிறுபான்மையாகிவிட்டவர்களுக்குக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ல் ஓர் உரிமை தந்தது. தமிழர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம். விடையும் தமிழிலேயே வர வேண்டும். வேறு மாநிலங்களில் மருத்துவமனை ஜன்னலின் முன் நின்று, வலி எங்கே என்பதற்கு மொழி தேடித் தவித்த நம்மில் பலருக்கு இதன் அருமை புரியும். அமரவிளைப் பக்கத்தில் பேச்சிலேயே தமிழும் மலையாளமும் கலந்திருப்பதால், வலியைச் சொல்ல அங்கே சட்டம் தேவைப்படுவது குறைவு.

1979-ல் ரயில் வந்தது. அமரவிளையில் சரக்கு வண்டிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த வணிகவரிச் சோதனைச் சாவடி, 2017-ல் புதிய வரி முறை வந்ததும் மூடப்பட்டது. ஆனால் 2020-ல் கொரோனா வந்தபோது எல்லை மீண்டும் அடைபட்டது. ஊர் திரும்பியவர்கள் இஞ்சிவிளையில் அனுமதிச் சீட்டைக் காட்டி, உடல் வெப்பம் பார்க்கப்பட்ட பின்னரே உள்ளே விடப்பட்டனர்.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எல்லையோரத்தில், காரக்கோணத்தில், 2002 முதல் ஒரு மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. அதற்கு வைத்திருப்பது நெய்யூர் டாக்டர் சாமர்வெல்லின் பெயர். முன்பு பாறசாலை மக்கள் சிகிச்சைக்காகக் கிழக்கே நெய்யூருக்குப் போனார்கள். இப்போது விளவங்கோட்டுப் பக்கத்து மக்கள் மேற்கே காரக்கோணத்துக்கு வருகிறார்கள்.